ஒன்பதாவது காரணம்

டோக்கன் பதினாலு. உள்ளே போயிருப்பது எட்டு. போய்ப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு தலையைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று அர்த்தநாரி சலித்துக்கொண்டான், சலித்த கையோடு, நேரம் எடுத்துப் பார்ப்பதுதானே நல்லது, அரை நிமிஷத்தில் பார்த்து ஒன்றுமில்லை போங்கள் என்று அனுப்பிவிட்டால் அது இன்னும் ஆபத்து என்றும் பட்டது. மனைவி மேகலாவை முதன்முதலில் பார்த்த டாக்டர் அப்படித்தான் அனுப்பினார். வெறும் கொழுப்புக் கட்டி, உடம்புச் சூடு, இளநீர் குடிக்கட்டும் என்றார். நம்பி வாங்கிக் கொடுத்தான், ஒரு சித்திரை முழுக்க, தினமும் ஒன்று, வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்து. அந்த நினைப்பு இப்போது வேண்டாம். பக்கத்து நாற்காலியில் மகள் சுபிக்ஷா பள்ளிக்கூட உடுப்போடு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. நடு வகிடு, இரட்டைச் சடை, காதுக்கு மேலே மடித்துக் கட்டிய பச்சை ரிப்பன். காலை ஏழு மணிக்கு அவன் கையால் பின்னியது, சாயங்காலம் ஆறரை ஆகியும் ஒரு முடி விலகவில்லை. சுற்றி இருந்த தலைகளை நோட்டம் விட்டான். அம்மாக்கள் பின்னிவிட்ட பிள்ளைகளின் தலைகள்கூடக் காதோரம் பிசிறு பிசிறாக, ரிப்பன் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு இருந்தன. தன் கைக்கு இங்கே ஈடு இல்லை என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்பது நினைவு வந்ததும் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே சுருங்கியது. நெற்றியின் இரண்டு ஓரத்திலும், காதுக்கு முன்னால் இறங்க வேண்டிய பூனைமுடி இல்லை. அந்த இடத்தில் வெறும் தோல், டியூப் லைட் வெளிச்சத்தில் மினுங்குகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் எண்ணெய் தடவும்போதுதான் கண்ணில் பட்டது. விரலை வைத்துப் பார்த்தான், இரண்டு விரல் கடை. முந்தாநாள் மறுபடி வைத்துப் பார்த்தான், இரண்டரை. விரலை எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்தது அது என்று அறிவுக்குத் தெரிகிறது, அடிவயிறு அதைக் கேட்டால்தானே.

எதிர்ச் சுவரில் ஒரு போர்டு. ‘முடி உதிர்வதற்கான பொதுவான காரணங்கள்’ என்று சிவப்பில் தலைப்பு, கீழே கறுப்பில் வரிசை எண் போட்டு. வந்ததிலிருந்து பத்துத் தடவையாவது படித்திருப்பான். லாரிப் பின்பக்கம் எழுதியதைக்கூட ஒன்று விடாமல் படிக்கிற பழக்கம் அவனுக்கு. பரம்பரை என்றது ஒன்று. பரம்பரையில் யாருக்கு? அவன் அப்பாவுக்குச் சாகிற வரைக்கும் கட்டுக்குடுமி போடுகிற அளவுக்கு முடி. மேகலாவுக்கோ, குளித்துவிட்டு வாசலில் உதறினால் அடுத்த வீட்டுக்காரி மேல் தண்ணீர் தெறிக்கும். பரம்பரை இல்லை, தள்ளு. ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு. முருங்கைக்கீரையைத் தட்டில் ஒதுக்கி வைக்கிறாள், பேரீச்சம்பழம் என்றால் மூஞ்சியைச் சுளிக்கிறாள், அது இருக்கலாம், அதுவாகவே இருந்துவிட்டால் புண்ணியமாக இருக்கும், மாத்திரையோடு போய்விடும். தைராய்டு. மகளின் கழுத்தை ஓரக்கண்ணால் பார்த்தான், வீங்கினாற்போல் இல்லை, எச்சில் விழுங்கும்போது பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து. ஆடியில் டைபாய்டு வந்தது, ஆனால் இப்போது மாசி, ஆறேழு மாதம் ஆகிறதே, கணக்கு இடிக்கிறது. மகப்பேறு, அதை விடு. மன உளைச்சல். அந்த வரியில் அவன் கண் ஒவ்வொரு தடவையும் நின்று நின்றுதான் போனது. அம்மா போய்ப் பதினாலு மாதம் ஆன பிள்ளைக்கு உளைச்சல் இருக்காதா, ஆனால் அழுது பார்க்கவில்லையே, பதினாறாம் நாளோடு சரி, அழாத பிள்ளைக்கு அது முடி வழியாக இறங்குமோ. ஏழாவது புழுவெட்டு. எட்டாவது, சில மருந்துகள், புற்றுநோய் சிகிச்சை. அந்த எட்டாவது வரியைக் கண் தொட்டுவிட்டு ஓடிவிடும், சுடுசட்டியைத் தொட்ட கை மாதிரி. ஓடிப் போய் விழுகிற இடம்தான் ஒன்பது. ஒன்பதாவது வரியை ஒரு காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. ஏதோ நகைக் கடைக்காரன் கொடுத்த தினக் காலண்டர், போர்டு மேலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், வேறு இடமா கிடைக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டே எழுத்துத்தான் வெளியே தெரிந்தது. ‘இறு’.

இறு. மூன்றாவது எழுத்து அட்டைக்குப் பின்னால். காற்றாடி ஓடுகிற வேகத்துக்குக் காலண்டர் லேசாக அசைந்தது, அசைந்து மூன்றாவது எழுத்தின் ஓரத்தைக் காட்டுகிற மாதிரி வந்து மறுபடி மூடிக்கொண்டது. படிக்கத் தெரிந்தவனுக்கு மூன்றாவது எழுத்து எதற்கு. அவன் ஒரு தடவை கையெழுத்துப் போட்ட தாளில் அந்தச் சொல் முழுசாக இருந்தது. ‘நோயாளியின் நோய் இறுதி நிலையில் உள்ளது என்பது எனக்கு விளக்கிக் கூறப்பட்டது.’ விளக்கியவள் சின்னப் பெண், படிப்பு முடித்துப் புதிதாக வந்த டாக்டர், சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பேனா எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கி மை வரவழைத்து அர்த்தநாரி என்று போட்டான், கை நேராகத்தான் போட்டது, அதுதான் அவனுக்கு இன்றைக்கும் விளங்காதது, கை ஏன் நடுங்கவில்லை. இறுதி நிலை. முடி உதிர்வதற்கான பொதுவான காரணங்கள், ஒன்பது, இறுதி நிலை. இதைப் போய் ‘பொதுவான’ என்று எந்த மனுஷன் எழுதினான். எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது, நாலே எட்டு, தேதி பார்க்கிற மாதிரி போகலாம். எழவில்லை. தூக்கி, அது அதுவாகவே இருந்துவிட்டால்? பத்தாவது டோக்கனைக் கூப்பிட்டார்கள். ஒன்பது எப்போது போனது என்றே தெரியவில்லை.

‘ஏனுங் தம்பி, புள்ளைக்கா காட்டறீங்க?’ என்று வலது பக்கம் இருந்த அம்மாள் கேட்டாள். பட்டு ஜாக்கெட், குமாரபாளையத்துப் பக்கம் போல. ஆமாங்க என்றான். ‘எங்கூட்டுல மூணு பேருக்கும் கொட்டுதுங்க, எல்லாம் போர் தண்ணிதான், உப்பு. பக்கெட்டுல புடிச்சு வெச்சா வெள்ளையா அடியில நிக்குதுங்க’ என்றாள். சங்ககிரித் தண்ணீரும் அப்படித்தான், கயிறு நனைந்து காய்ந்தால் உப்பு பூத்து விறைத்துப் போகும், முடி எந்த மூலைக்கு. தண்ணீராக இருந்தால் மேட்டூர்த் தண்ணீர் குடத்தில் பிடித்தே தலைக்கு ஊற்றிவிடலாம். அம்மாள் விடவில்லை. எட்டிப் பார்த்து, ‘புழுவெட்டாட்ட இருக்குதே’ என்றாள். ‘சின்ன வெங்காயத்த நறுக்கித் தேச்சு வுடுங்க, புழு செத்துப் போயிரும்.’ புழு. அந்தப் பேரை வைத்தவன் நன்றாக இருப்பான். போன வாரம் முழுக்க அர்த்தநாரி அந்தப் புழுவைத் தேடினான். மகளை வெயிலில் உட்கார வைத்து, சீப்பால் வகுந்து வகுந்து, தலையணை உறையை உதறி, வெள்ளைத் துணியில் தட்டி. அவள் சீப்பைத் தனியாக எடுத்து வைத்தான், துண்டைத் தனியாக. ஏனுங்கப்பா என்று அவள் கேட்கவே இல்லை, அவளுடையது என்று ஒதுக்கிய ஆணியில் துண்டைத் தானே மாட்டிக்கொண்டாள். அம்மாவுக்கும் அப்படித் தனித் துண்டு, தனி டம்ளர் இருந்ததே, தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாளோ. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புழுவுக்குத்தான் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். கேட்காத பிள்ளைக்கு என்ன சொல்வது. ‘தேச்சுப் பாக்கறனுங்க’ என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மேகலாவுக்கு இரண்டாவது ஊசி போட்ட பதினெட்டாம் நாள். காலையில் எழுந்தவள் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தலையணையில் ஒரு கூடை முடி. வாரிச் சுருட்டி எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள். ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஆறு மாதமாக அவள் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். வயிற்றுப் புண் என்று சொல்லியிருந்தார்கள், கோயமுத்தூருக்குப் போகிற நாளெல்லாம் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம் என்று சொல்லியிருந்தார்கள். தலை சொல்லிவிடுமே. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். ‘கோயல்ல மொட்ட போட்டுக்கறனுங்க. வேண்டுதல்னு சொல்லிக்கலாம். சாமிக்குக் குடுத்ததுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.’ பழனிக்குப் போனார்கள். நாவிதர் தண்ணீர் தடவித் தேய்த்தபோதே பாதி கையோடு வந்துவிட்டது, அவர் ஒரு நிமிஷம் கையைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தைச் சிரைத்து, சந்தனம் பூசி, நல்லாருப்பீங்கம்மா என்றார். துணைக்கு அர்த்தநாரியும் போட்டுக்கொண்டான். வீட்டில் பாப்பா என்று கூப்பிடும் சுபிக்ஷாவும் நானும் என்று உட்காரப் போனாள். அப்போதுதான் மேகலா சத்தம் போட்டாள், அந்த ஆறு மாதத்தில் அந்த ஒரு தடவைதான் அவள் குரல் உயர்ந்தது. ‘அவ முடியில கை வெக்கக்கூடாது.’ ஊருக்குள் வந்ததும் எல்லோரும் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள், பாப்பாவுக்கு டைபாய்டு வந்து பொழச்சது என்று வாயில் வந்ததைச் சொன்னாள். வராத டைபாய்டு. அந்தப் பொய் சும்மா போகவில்லை, அவள் போன பிறகு ஆடியில் நிஜமாகவே வந்து படுக்கப் போட்டது. இப்படியெல்லாம் முடிச்சுப் போடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். நாலு மாதம் கழித்து, இன்னும் ஏன் வளரலை என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் மண்டையில் கறுகறுவென்று வளர்ந்து நின்றது. அதுதான் காட்டிக் கொடுத்தது. துணைக்குப் போட்ட மொட்டையே துரோகியானது. அவனுக்குத் தன் முடி மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை, மாதம் இரண்டு தடவை ஒட்ட வெட்டிக்கொள்கிறான்.

கடைசியில் அவள் சொன்னது சொத்தைப் பற்றியும் இல்லை, அவனைப் பற்றியும் இல்லை. ‘பாப்பா தலைய விரிச்சுப் போட்டு அனுப்பீராதீங்க. நல்லா இறுக்கிப் பின்னி வுடுங்க. அம்மா இல்லாத புள்ளைன்னு தலையப் பாத்தே சொல்லீருவாங்க.’ சரி சரி என்று தலையாட்டினான், சடை பின்னுவது எப்படி என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஜன்னல் கம்பியில் மூன்று துண்டுக் கயிற்றைக் கட்டி வைத்துப் பழகினான். கயிறு அவனுக்குப் புதிதா? இருபத்திரண்டு வருஷமாக லாரிகளுக்குப் பாரம் ஏற்றித் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுகிறவன். அர்த்தநாரி கட்டின லோடு டெல்லி போனாலும் ஓரம் சாயாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை சாய்ந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டு ஒரு முடிச்சைத் தொளதொளவென்று விட்டான், தொப்பூர் வளைவில் இரண்டு ஜவ்வரிசி மூட்டை உருண்டு பின்னால் மொபெட்டில் வந்தவர் காலை வாங்கிவிட்டது. அவர் இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறார். அதிலிருந்து எந்தக் கயிற்றையும் அவன் கட்டி முடித்த பிறகு ஒரு இழுப்பு சேர்த்து இழுப்பான். இறுகிய கயிற்றை இன்னும் ஒரு இழுப்பு. லோடு ஏற்றுகிறவர்கள் அதற்குச் சாமி இழுப்பு என்று பேர் வைத்திருந்தார்கள், அதற்கு மேல் சாமி பார்த்துக்கொள்ளும் என்று. அந்தப் பழக்கம் சடையிலும் வந்துவிட்டது. தினம் காலையில் எண்ணெய் தடவி, வகிடெடுத்து, முழங்காலுக்கு நடுவில் அவளை இருத்தி மூன்று புரியும் ஒன்றாக இறுகி வரும்போது கைக்கு ஒரு நிம்மதி, மேகலா சொன்னதில் ஒன்றையாவது குறையில்லாமல் செய்கிறோம் என்று. ரிப்பன் முடிந்ததும் சாமி இழுப்பு. வலது சடைக்கு ஒன்று, இடது சடைக்கு ஒன்று. பிறகு கண்ணாடியைக் காட்டி, எப்படிக் கண்ணு இருக்குது என்பான். நல்லாருக்குதுங்கப்பா என்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாராட்டினாராம், உங்கம்மா நல்லா பின்றாங்க என்று. டீச்சருக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது அந்தத் தலை. கரையான் ஏறின ஓரம்போல் இரண்டு பக்கமும். அவள் அம்மாவின் முடி அது, கை வைக்கக்கூடாது என்று சத்தம் போட்டுக் காப்பாற்றின முடி. அதோடு அந்தப் பார்வை வேறு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மேகலா போனதிலிருந்து மகளுக்கு ஒரு மாதிரி முழித்த பார்வை வந்துவிட்டது, புருவம் இரண்டும் எப்போதும் மேலேறி, யாரோ திடுமென்று கூப்பிட்ட மாதிரி. முன்பெல்லாம் அரைக்கண் மூடின மாதிரி தூங்குமூஞ்சிக் கண்தான், மேகலா அதைச் சொல்லிக் கேலி பண்ணுவாள். பயந்த பிள்ளையின் பார்வை என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். பயம் இருக்கும், இல்லாமல் எப்படி இருக்கும், அவனுக்கே இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஒரு சொல்லை யாரும் சொல்வதில்லை. பேசி வைத்துக்கொண்டதில்லை, அதுவாக நின்றுபோனது. வலிக்குது என்ற சொல். மேகலா அடுப்படியில் நின்றுகொண்டு, ‘இங்க ஒரு மாதிரி வலிக்குதுங்க’ என்று சொன்னாளே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அதற்கு முந்தின நிமிஷம் வரை வீடு வீடாக இருந்தது. தார்ப்பாய் வளையம் பட்டு நகம் பெயர்ந்த அன்றைக்குக்கூட அவன் வீட்டுக்கு வந்து எரியுது என்றுதான் சொன்னான். பாப்பாவுக்குக் காய்ச்சலில் கைகால் குடைந்தபோது ஒரு மாதிரி இருக்குது என்றுதான் சொன்னாள். ஒரு மாதிரி. இறு. காலண்டர் அசைந்தது. தூக்கிப் பார்த்துவிடலாம். பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், ரத்தமோ ஸ்கேனோ எல்லாம் எடுங்கள், மறைக்காமல் எடுங்கள் என்று. எப்படி வெளியே உட்கார வைப்பது, பிள்ளையின் தலையைத்தானே பார்க்க வேண்டும். பதினாலு என்று கூப்பிட்டபோது அவன் பன்னிரண்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். மகள்தான், ‘அப்பா, நம்ம நெம்பருங்க’ என்று முழங்கையைத் தொட்டாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பாப்பாவைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கைத் திருப்பி, கண்ணாடி வைத்து நெற்றி ஓரத்தைப் பார்த்தார். நாலைந்து முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தார், ஒன்றும் கையோடு வரவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், நகத்தைப் பார்த்தார். அவர் கை போகிற இடமெல்லாம் அர்த்தநாரியின் உயிரும் போய்ப் போய் வந்தது. ‘சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியாம்மா? தலைவலி இருக்கா?’ என்றார். பாப்பா அப்பாவைப் பார்த்தாள். ‘ஒரு மாதிரி இருக்குமுங்க. சாயந்தரமானா’ என்றாள். தலையில் ஒரு மாதிரி, சாயங்காலமானால். அவனுக்கு இது தெரியாது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை, பிள்ளை பக்கத்தில் இருப்பதையும் பார்க்கவில்லை. ‘அம்மா, நல்லாப் பாத்துருங்க. இவங்கம்மா கேன்சர்ல போய்ட்டாங்க. அவளுக்கும் மொத மொத முடிதானுங்க கொட்டுச்சு’ என்றான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். ‘அவங்களுக்கு முடி கொட்டினது மருந்தால. நோயால இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?’ என்றார். தெரியும். கட்டி, பரிசோதனை, ஆபரேஷன், ஊசி, அப்புறம்தான் முடி, எல்லாம் வரிசையாகத் தெரியும். ஆனால் நோயை அவன் கண்ணால் பார்த்தது அந்தத் தலையணையில்தான், அதனால் மனசு வரிசையை மாற்றி வைத்துக்கொண்டுவிட்டது, முதலில் முடி, அப்புறம் மற்றதெல்லாம். தெரியுமுங்க என்றான். ‘இது அது இல்ல. பயப்படாதீங்க. யாரு பின்னி விடறது?’ என்று கேட்டார் அவர், ரிப்பன் முடிச்சைத் தொட்டுக்கொண்டே. அவன் வாயில் பதில் தயாராக இருந்தது, எப்போதும் யார் கேட்டாலும் சொல்லக் காத்திருக்கிற பதில், கொஞ்சம் பெருமையோடுகூட. அதற்குள் பாப்பா, ‘நானேதானுங்க பின்னிக்கறேன்’ என்றாள். அர்த்தநாரி அவளைப் பார்த்தான். டாக்டரம்மாவும் பார்த்தார். ‘உனக்குப் பின்னால இவ்வளவு நேரா வகிடெடுக்க வருமா? இந்த முடிச்ச என்னாலயே அவுக்க முடியாது போல இருக்கு’ என்றார். பாப்பா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். ‘நானுங்க’ என்றான் அர்த்தநாரி. சொல்லும்போதே ஏதோ ஒன்று வருகிறது என்று தெரிந்துவிட்டது. ‘நாந்தானுங்க பின்னி வுடறது.’

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வழுக்கை என்று நினைத்த இடத்தில் குட்டிக் குட்டியாக ஒடிந்த முடிகள், வேர் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். ‘தினமும் ஒரே இடத்துல இந்த அளவுக்கு இழுத்தா வேர் தாங்காது. பொம்பளப் புள்ளைங்க நிறையப் பேருக்கு இதுதான் காரணம். நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க, வேர் இன்னும் சாகல. தளர்த்திப் பின்னுங்க, ஆறு மாசத்துல தானா வந்துடும். எதுக்கும் ரத்தம் ஒரு தடவ பார்த்துடலாம். வெளிய போர்டுல போட்டிருக்கமே, பார்க்கலியா?’ என்றார். ‘வேற ஒண்ணும் இல்லீங்களா?’ என்று கேட்டான். ‘இல்ல’ என்றார். ‘அந்த மாதிரி…’ ‘இல்லவே இல்ல.’ அவன் அழுதுவிடுவோமோ என்று பயந்தான், அழவில்லை. பதினாலு மாதமாகச் சுமந்த மூட்டை இறங்கியது, இறங்கின இடம் அவன் கால் மேலேயே. பிள்ளைக்கு நோய் இல்லை. பிள்ளைக்கு நோய் இல்லை, அப்பாதான். சந்தோஷப்படுவதா, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவதா என்று தெரியாமல் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

வெளியே வந்ததும் காலண்டரைத் தூக்கினான். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் என்ன. ‘இறுக்கமாகப் பின்னுதல், இழுத்துக் கட்டுதல்.’ காலண்டரை விட்டான், அது பழைய இடத்தில் போய் நின்று அந்தச் சாதாரண வரியை மூடிக்கொண்டது. இறுக்கிப் பின்னி வுடுங்க என்று மேகலா சொன்னாள். அவள் இறுக்கம் எவ்வளவு என்று இவன் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் விரலுக்குத் தெரிந்த இறுக்கம் ஒன்று, லாரிக் கயிற்றை இழுக்கிற இவன் விரலுக்குத் தெரிந்தது வேறு. ஒரே சொல்தான். அவள் மேல் தப்பில்லை.

வாசற்படிக்குக் கீழே மொபெட்டை நிறுத்தியிருந்தான். தெருவிளக்கு போட்டாகிவிட்டது, பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாப்பா ஏறிக்கொள்ளப் போனாள், ‘இரு கண்ணு’ என்று படியில் உட்கார்ந்து, வழக்கம்போல் முழங்காலுக்கு நடுவில் அவளை இருத்தினான். ‘ஊட்டுல போயி அவுத்துக்கலாமுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க’ என்றாள். ‘பாக்கட்டும்’ என்றான். தலைவிரித்த பிள்ளையைப் பார்த்து என்ன சொல்வார்களோ சொல்லட்டும், அது உண்மைதானே. முடிச்சு வரவில்லை. நகத்தால் நெம்பினான், பெயர்ந்து வளர்ந்த நகம் மறுபடி கிளம்பும் போல இருந்தது. அவன் போட்ட முடிச்சு, டெல்லி வரைக்கும் அவிழாத முடிச்சு. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தான், வாயெல்லாம் தேங்காயெண்ணெய். வலது சடை அவிழ்ந்தது. அப்புறம் இடது. மூன்று புரியையும் விரலால் கோதிப் பிரித்துவிட்டான். ‘ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல? டாக்டர்கிட்ட எதுக்கு நாந்தான்னு சொன்ன?’ என்று கேட்டான், முதுகைப் பார்த்தபடி. அவள் பை வாரை விரலில் சுற்றினாள். பிறகு, ‘சொன்னா நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போவீங்கல்ல. அம்மாவ மாதிரி’ என்றாள். ‘உங்களயத் திட்டுவாங்கன்னுதான் டாக்டர்கிட்ட…’

தோளைப் பிடித்துத் திருப்பினான். முடி இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. நெற்றித் தோல் மெதுவாகக் கீழே இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தான். புருவம் இறங்கியது, கண் இமை இறங்கியது. முழித்த பார்வை போய், எதிரே தூங்குமூஞ்சிக் கண்ணோடு பழைய பாப்பா உட்கார்ந்திருந்தாள். பயம் என்று அவன் நினைத்ததெல்லாம் இந்தக் கைதான் இழுத்து வைத்தது. எல்லாமும் இல்லை, ஏதோ மிச்சம் இருந்தது, அது அவளுடையது. நாள் முழுக்க இறுகிக் கிடந்த தலை தளர்ந்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடி, மூச்சை இழுத்தாள்.

‘வலிக்குதுங்கப்பா’ என்றாள்.

சொன்ன பிறகு அவளே பயந்து கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். மொபெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பஸ் போயிற்று. ‘எங்க கண்ணு?’ என்றான் அர்த்தநாரி. அவள் அவன் கையைப் பிடித்துக் காதுக்கு முன்னால், அந்த வெறும் இடத்தில் வைத்தாள். ‘இங்க.’ அவன் விரலை மடக்காமல் உள்ளங்கையை மட்டும் அங்கே வைத்திருந்தான். அப்புறம், ‘அந்தப் பக்கம்?’ என்று கேட்டான்.